வீட்டுக்குக் குடுப்பீங்களா?

போன கிழமை பிரதீபா தொலைபேசி எடுத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு பழைய ஒஃபிஸ் ஆட்கள் அழைப்பது பெரும்பாலும் செத்த வீட்டுச் செய்தி சொல்லத்தான். அதனால் "ஆர் செத்தது?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"ஐயோ, யாரும் சாகலக்கா. நீங்க வேற!" என்று சிரித்தாள். ஹட்டன் பக்கத்துப் பிள்ளை. கொழும்புக்கு வந்து இத்தனை காலமாகியும் பேச்சு மாறவில்லை. நான் வேலை பார்த்த மென்பொருள் கம்பனியில் இப்போது அவள் ஒரு டீமுக்குத் தலைவி.

"இப்ப கோட் சரியான்னு பாக்குற டெஸ்ட்டை நாங்க எழுதுறதே இல்லக்கா. ஏஐ கருவியே எழுதுது. உள்ளுக்க இருக்கிற கோட் அதுக்குத் தெரியலைன்னா, அதுவே தொறந்து விட்டுட்டு டெஸ்ட்டை எழுதிருது. புதுசா வந்தவங்க டெஸ்ட் சரின்னு பச்சையா இருக்குன்னு பாத்துட்டு ஓகே பண்ணிர்றாங்க. நான் கத்துனா, 'ஒரு வரிதானே மிஸ்'ங்கிறாங்க."

ஒரு வரிதானே. அதே சொல்லை ஒரு காலத்தில் இன்னொருவர் வாயால் கேட்டிருக்கிறேன்.

"நீங்களும் ஜுனைத் சாரும் ஒருக்கா வந்து பேசுங்கக்கா. நீங்க சொன்னா கேப்பாங்க."

"நான் வாறது பெரிய விசயமில்லை. சாரைக் கேக்கவேணும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. வெள்ளவத்தை மார்க்கெட்டில் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டு நின்றபோதும் மனம் அங்கேயே கிடந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். கருவிகளைப் பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. அந்த ஒரு வரியைப் பற்றித் தெரியும்.

நான் மென்பொருள் சோதனை செய்தவள். மற்றவர்கள் எழுதியதில் பிழை தேடுவது, பக் பிடிப்பது, என் தொழில். அம்மா அக்கம்பக்கத்தில், "மகள் கொம்பியூட்டரில பிழை பிடிக்கிறா. வீட்டில பழகினதுதான்" என்பாள். முதலில் ஒரு இறக்குமதிக் கம்பனியில் தட்டச்சு, பிறகு கொம்பியூட்டரில் தரவு ஏற்றும் வேலை, பிறகு மாலை வகுப்புகள். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு அலுப்பு. எல்லாரும் படித்த மாதிரித்தான் நானும் படித்தேன். உண்மையில் வேலை கற்றது ஜுனைத் சாரின் டீமில் சேர்ந்த பிறகுதான்.

ஜுனைத் சார் கொம்பனித்தெரு மலாய்க்காரர். தமிழ், சிங்களம், ஆங்கிலம், வீட்டில் மலாய் என்று நாலு மொழியிலும் மெதுவாகத்தான் பேசுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எனக்கு நேர்மாறு. நான் கத்தினால் கீழ்மாடிப் பியோன் மேலே வந்து பார்ப்பான். சார் கணினித் திரையை விரலால் தொடவே மாட்டார். சட்டைப் பையில் இருக்கும் பேனையைத் திருப்பிப் பிடித்து, மூடியால்தான் காட்டுவார். சேர்ந்த புதிதில், "மிக மோசமான பிழை. பாவனையாளருக்குப் பெரும் எரிச்சல் தரும்" என்று ஒரு பிழை அறிக்கை எழுதிக்கொண்டு போனேன். பேனை மூடி "மிக மோசமான" என்ற இடத்தில் நின்றது.

"மனோ மிஸ், இது யார்ட கோபம்? பாவனையாளர்ட கோபமா, ஒங்கட கோபமா?"

"ரெண்டும்தான் சார்."

"ஒங்கடத எடுங்க. என்ன செஞ்சீங்க, என்ன நடந்திச்சி, என்ன நடந்திரிக்கணும். இந்த மூணும் போதும்."

அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம்! ஆனாலும் அன்றிலிருந்து நான் எழுதிய ஒரு அறிக்கையிலும் அப்படி ஒரு சொல் இருக்காது. வாயில் வராமல் இருக்குமா என்றால், அது வேறு கதை.

அப்போது எங்கள் ஒஃபிஸ் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஒரு பழைய வீட்டில் இருந்தது. ரயில் போனால் மேசை அதிரும். படுக்கையறைகளில் எல்லாம் ஆட்கள். சாப்பாட்டறையில் நாங்கள், சோதனைக்காரர். அந்த வீட்டில் ஜுனைத் சார் போட்ட இரண்டு வழக்கங்கள் இருந்தன. இரண்டையும் விளங்கினால்தான் மற்றக் கதை விளங்கும்.

ஒரு செயலி வெளியிலிருந்து பார்க்க ஒன்றுதான். உள்ளே பல பகுதிகள். மொடியூல் என்போம். ஒவ்வொரு மொடியூலையும் ஒவ்வொருவர் எழுதுவார். மற்ற மொடியூல்கள் கூப்பிடக்கூடிய கோட், அதாவது கட்டளை வரிகள், கொஞ்சம் இருக்கும், அது வாசல். அந்த மொடியூலுக்குள்ளே மட்டும் பாவிக்கிற கோட் நிறைய இருக்கும், அது உட்கோட், சமையலறை மாதிரி. விருந்தாளி வாசலால் வந்து முன்னறையில் இருக்கலாம், சமையலறைக்குள் போய்ச் சட்டியைத் திறக்கக் கூடாது. கொம்பியூட்டரே விடாது. உட்கோட்டை வெளி மொடியூலிலிருந்து கூப்பிட்டால் சிவப்புக் கோடு போட்டு நிறுத்திவிடும். வெளியிலிருந்து எழுதும் டெஸ்டுக்கும் அதே சட்டம்தான்.

அப்படியென்றால் உட்கோட்டை யார் சோதிப்பது? முதலாவது வழக்கம் இதற்குத்தான். கோட் எழுதும் ஒவ்வொருவரின் மேசைக்கும் பக்கத்தில் ஒரு மர முக்காலி போட்டிருக்கும். எனக்கு உள்ளே ஏதாவது பார்க்க வேண்டுமென்றால், எழும்பிப் போய் அந்த முக்காலியில் இருந்து, எழுதியவரோடு சேர்ந்து, அந்த மொடியூலுக்குள்ளேயே டெஸ்ட் எழுத வேண்டும். கதவைத் திறந்து விடு என்று கேட்கக் கூடாது. "உள்ளுக்கு என்ன ஈக்கிண்டு வீட்டுக்காரர்ட்ட கேட்டுப் பழகுங்க" என்பார். முக்காலியில் முதுகு சாய முடியாது என்பதால் வேலையும் கெதியாக முடியும்.

மற்றது, வீட்டுச் சோதனை. செயலியை வாங்கியவரிடம் கொடுக்கும் முன்பு எங்கள் எங்கள் வீட்டு ஆட்களின் தொலைபேசியில் போட்டுப் பாவிக்கவிட வேண்டும். அதற்கு முதல் எல்லாரையும் கூப்பிட்டு, ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து ஒரேயொரு கேள்வி கேட்பார்.

"வீட்டுக்குக் குடுப்பீங்களா?"

ஓம் என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டும். இல்லை என்றால் காரணம் காட்ட வேண்டும். நாங்கள் பின்னால் பகிடி பண்ணுவோம். சோறு போட்டுக் கொண்டே, "வீட்டுக்குக் குடுப்பீங்களா?" என்று ஆளுக்காள் கேட்டுச் சிரிப்போம். ஆனால் அந்த அறையில் அவர் கேட்கும்போது ஒருவருக்கும் சிரிப்பு வராது.

பிரதீபா வந்து சேர்ந்த காலத்தில்தான் அந்த ஆஸ்பத்திரி வேலை வந்தது. தனியார் ஆஸ்பத்திரி ஒன்று. பெயர் வேண்டாம். கிளினிக் வருகிற நோயாளிகள் எந்த நேரத்துக்கு எந்த மருந்துக் குளிசை குடிக்க வேண்டும் என்று தொலைபேசி மணியடித்துச் சொல்கிற செயலி. டொக்டர் ஒரு குளிசையை நிறுத்தினால் ஆஸ்பத்திரிக் கணினியில் பதிவார்கள், செயலியும் அந்த மணியை நிறுத்த வேண்டும். குளிசைகளைப் பற்றிய மொடியூல் பிரதீபாவுடையது. மணியடிக்கிற மொடியூல் லக்மால் என்கிற சிங்கள இளைஞனுடையது. பிரதீபா ஒப்பந்தத்தில் இருந்தாள். வேலை நல்லபடி முடிந்தால்தான் நிரந்தரம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். கிருலப்பனையில் ஒரு வீட்டு மேல்மாடியில் போர்டிங். தம்பி ஒருவனைப் படிப்பிக்கிறாள் என்று கேள்வி.

ஒரு நாள் அவளுடைய முக்காலியில் போய் இருந்தேன். அடுத்த குளிசை எத்தனை மணிக்கு என்று கணக்கிடுகிற உட்கோட் ஒன்றைத் திறந்து காட்டினாள்.

"இது நேரம் மட்டுந்தான் பாக்கும்க்கா. டாக்டர் நிறுத்தின மருந்தான்னு இதுக்குத் தெரியாது."

"அப்ப நிப்பாட்டினதுக்கும் நேரம் சொல்லுமோ?"

"சொல்லும். ஆனா அத வாசல்லயே பாத்துருவோம். நிறுத்தினதா இருந்தா உள்ளயே விட மாட்டோம். அதான் இது உள்ளுக்க இருக்கு."

சரிதான். அழகாக யோசித்திருக்கிறாள் என்று நினைத்தேன். இரண்டு பேரும் அந்த முக்காலியிலேயே இருந்து டெஸ்டை எழுத ஆரம்பித்தோம். அதை முடிக்கக் கொடுத்து வைக்கவில்லை. அடுத்த கிழமை ஒஃபிஸ் இடம் மாறியது.

கொம்பனித்தெருவில் புதிதாக எழும்பிய உயர்ந்த கட்டடம். ஜுனைத் சார் பிறந்த, தோட்டம் என்று நாங்கள் சொல்லும் நெருக்கமான வரிசை வீடுகளை இடித்த இடத்துக்குப் பக்கத்தில்தான். "நடந்து வரலாம், அது ஒண்டுதான் லாபம்" என்றார். கண்ணாடிச் சுவர், குளிர், காலையில் வருபவருக்கு எங்கே இடம் இருக்கிறதோ அங்கே உட்காருவது. எனக்கென்று ஒரு மேசை இல்லை, எவருக்கும் இல்லை. மேசையே இல்லாத இடத்தில் முக்காலி எதற்கு? எல்லாவற்றையும் பழைய வீட்டு முற்றத்தில் குவித்து, பழஞ்சாமான் லொறியில் ஏற்றினார்கள். பிரதீபாவின் டீம் ஒரு மாடி, நாங்கள் வேறொரு மாடி. நடுவில் அட்டை காட்டினால்தான் திறக்கிற கதவுகள். "என்ர கடவுளே, பிழை பிடிக்கப் போறதுக்கு விசா எடுக்கவேணும் போல" என்று நான் கத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள்.

புது இடத்தோடு புது மெனேஜரும் வந்தார். ரொஷான். கெட்ட மனிதரில்லை. சிரித்த முகம், எல்லாரையும் பெயர் சொல்லி விசாரிப்பார். ஆஸ்பத்திரிக்காரர்கள் எல்லா டெஸ்டும் ஒரே இடத்தில், ஒரே அறிக்கையாக, எத்தனை பச்சை எத்தனை சிவப்பு என்று பார்க்கக் கேட்டார்கள். ரொஷான் ஓம் என்றுவிட்டார். டெஸ்டுகளுக்கென்றே தனி மொடியூல் போட்டு எல்லாவற்றையும் அதற்குள் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தால் என்னவாகும்? வெளி மொடியூலிலிருந்து உட்கோட் தெரியாது. பிரதீபாவின் அந்தக் கணக்கை டெஸ்ட் தொட முடியவில்லை. அறிக்கையில் அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது.

கூட்டத்தில் ரொஷான் மிக எளிதாகச் சொன்னார். உட்கோட் என்று குறித்திருக்கிற அந்த ஒரு வரியை மாற்றி, எல்லாருக்கும் தெரிகிற மாதிரித் திறந்துவிடுவது. மேலே, டெஸ்டுக்கு மட்டும் என்று ஒரு குறிப்புப் போடுவது. "கமக் நெஹெ மிஸ், ஒரு வரிதானே" என்றார். எதற்கும் அவருக்கு அந்தச் சிங்களப் 'பரவாயில்லை', கமக் நெஹெதான்.

"டெஸ்டுக்கு மட்டும் எண்டு எழுதினா மற்றவையின்ர கண்ணுக்குத் தெரியாமப் போகுமோ?" என்று நான் எழும்பினேன். "அந்த டெஸ்டை பிரதீபாவின்ர மொடியூலுக்குள்ளேயே வைச்சு எழுதலாம். நான் மேல போய் இருந்து எழுதுறன்."

"அது ஒரே அறிக்கையில வராது மிஸ். பிறகு ரெண்டையும் சேர்க்க வேணும். திகதி தள்ளிப் போகும்."

நான் ஜுனைத் சாரைப் பார்த்தேன். இத்தனை வருடமாக இந்த ஒரு விஷயத்தில் இம்மியும் அசையாத மனிதர். அவர் பேனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தொறந்து குடுங்க" என்றார்.

எனக்குக் காதை நம்ப முடியவில்லை. கூட்டம் முடிந்து லிஃப்டுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டேன்.

"என்ன சார் இது? நீங்களே இப்பிடிச் சொன்னா?"

"திகதி தள்ளினா அந்தப் புள்ளட ஒப்பந்தம் முடிஞ்சி போகும், மனோ மிஸ். ரொஷான் என்ட்ட தனியச் செல்லிட்டார். என்ட சட்டத்துக்காக ஒரு புள்ளட சோத்துல மண்ணப் போடவா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இன்றைக்கும் அந்த இடத்தில் அவரைப் பிழை சொல்ல என்னால் முடியவில்லை, அதுதான் என்னைத் தின்கிறது. ஒரு கெட்ட மனிதன் செய்திருந்தால் இரண்டு நாள் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

வரி மாறியது. டெஸ்ட் ஓடியது. பச்சை.

அதே நாட்களில் வேறு மாடியில் லக்மால் மணியடிக்கிற பகுதியை எழுதிக்கொண்டிருந்தான். அவனுக்கு அடுத்த குளிசையின் நேரம் தேவை. முதலிரண்டு எழுத்தை அடித்தால் கொம்பியூட்டரே பொருத்தமான பெயர்களைப் பட்டியலாகக் காட்டும். முன்பு வாசற்கோட் மட்டும் தெரிந்த இடத்தில் இப்போது திறந்துவிட்டதும் தெரிந்தது. பெயரும் பொருத்தம், வேகமும் கூட. அதையே எடுத்துப் போட்டான். டெஸ்டுக்கு மட்டும் என்ற குறிப்பு பிரதீபாவின் கோட்டில் இருந்தது, அவன் முன்னால் விரிந்த பட்டியலில் இல்லை. அவன் வாசலைத் தாண்டி நேரே சமையலறைக்குப் போய்விட்டான். டொக்டர் நிறுத்தினாரா என்று கேட்பதற்கு வழியில் ஒருவரும் இல்லை. எங்கள் டெஸ்டுகளோ உள்ளே நேரக் கணக்குச் சரியா என்று பார்த்தன, சரி. வாசலில் தடுக்கிறதா என்று பார்த்தன, தடுத்தது. லக்மால் எந்த வழியால் போகிறான் என்று ஒரு டெஸ்டும் பார்க்கவில்லை. இதெல்லாம் பிறகு தெரிந்தவை. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது பச்சை மட்டும்தான்.

வீட்டுச் சோதனைக்கு முதல் கூட்டம். கண்ணாடி அறை. அந்த ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போகிற ஆட்கள் எங்கள் வீடுகளில் யார் யார் என்று பார்த்து, அனுமதியும் வாங்கியிருந்தோம். என் அம்மாவும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தாள். ஜுனைத் சார் வழக்கம்போல ஒவ்வொருவராகக் கேட்டார்.

"பிரதீபா, வீட்டுக்குக் குடுப்பீங்களா?"

"குடுப்பேன் சார்."

லக்மாலும் ஓம் என்றான். ரொஷான் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

"மனோ மிஸ்?"

"நான் குடுக்கமாட்டன்."

"எல்லாம் பச்சைதானே, மிஸ்" என்றார் ரொஷான்.

"பச்சைதான். ஆனாக் கதவு திறந்து கிடக்கு. எனக்கு மனம் சரியில்லை."

ஜுனைத் சார் என்னைப் பார்த்தார். "அத்தாட்சி ஈக்கா?"

அவர் எனக்குப் பழக்கிய சட்டம் அது. என்ன செய்தாய், என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும். என்னிடம் மூன்றும் இல்லை. மனம் சரியில்லை என்பதை எந்தப் பெட்டியில் நிரப்புவது?

"இல்லை சார்."

"அப்ப நிப்பாட்டேலா." பேனையைச் சட்டைப் பையில் குத்தினார். "ஒங்கட அம்மாக்கு வேணாம். நான் என்ட வீட்டுக்குக் குடுக்கிறன்."

நான் இல்லை என்று சொன்னதால்தான் அவர் அப்படிச் சொன்னாரா? நான் சும்மா ஓம் என்றிருந்தால் அது என் அம்மாவின் தொலைபேசிக்கு அல்லவா போயிருக்கும்? இந்த இரண்டு கேள்விகளையும் நான் வேண்டிய மட்டும் உருட்டிப் பார்த்துவிட்டேன். இரண்டும் ஒன்றையொன்று விடுவதாக இல்லை.

அவருடைய மனைவி ரஸீனா அக்காவை எங்கள் எல்லாருக்கும் தெரியும். பெருநாள் வந்தால் இறைச்சி வைத்துப் பொரித்த பஸ்தோல் பெட்டி பெட்டியாக ஒஃபிசுக்கு வரும். நான் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தின்னமாட்டேன், அதனால் பெருநாள் அன்று விழுந்தால் எனக்கென்று கிழங்கு வைத்துத் தனியாக, என் பெயர் எழுதிய சின்னப் பெட்டியில் வரும். அக்காவுக்கு இதய வருத்தம் இருந்தது. இரத்தம் உறையாமல் இருப்பதற்கு ஒரு குளிசை, அதோடு இன்னும் பல. அந்த மாதக் கிளினிக்கில் இரத்தம் அளவுக்கு மேல் இளகியிருக்கிறது என்று கண்டு, டொக்டர் அந்தக் குளிசையை நிறுத்தினார். கணினியிலும் பதிந்தார்கள். பிரதீபாவின் வாசல் அதைச் சரியாகத் தெரிந்து வைத்திருந்தது. மணி வாசலைக் கேட்கவில்லை.

ஒரு காலை ஜுனைத் சார் வேலைக்கு வரவில்லை. அவர் சொல்லாமல் வராமல் விடுகிறவரில்லை. மகள் தொலைபேசியில் அழுதாள். உம்மா குசினியில் விழுந்துவிட்டாராம், மூளைக்குள் இரத்தம் கசிகிறதாம். நானும் பிரதீபாவும் ஒரு முச்சக்கர வண்டியைப் பிடித்து ஓடினோம்.

ஆஸ்பத்திரி நடையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். கையில் ரஸீனா அக்காவின் தொலைபேசி. டொக்டர் அப்போதுதான் வந்து, நிறுத்திய குளிசையை ஏன் தொடர்ந்து குடித்தார் என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். நாங்கள் பக்கத்தில் போய் நிற்கும்போது அந்தத் தொலைபேசி மணியடித்தது. குளிசையின் பெயர், அளவு, கீழே எங்கள் ஆட்கள் வரைந்த சிரித்த முகம். நிறுத்திய அதே குளிசை.

அவர் மணியை அணைக்கவில்லை. பேனையை எடுத்தார். மூடியால் திரையைக் காட்டினார்.

"பாருங்க, மனோ மிஸ். இது பக்."

பிரதீபா சுவரோடு சரிந்து இருந்துவிட்டாள்.

இரண்டு நாளில் ஜுனைத் சார் ஒஃபிசுக்கு வந்து, அறிக்கையை என்னோடு இருந்து எழுதினார். அவர் சொல்ல நான் தட்டினேன். மனைவி என்ற சொல் ஒரு இடத்திலும் வரவில்லை. பாவனையாளர் என்றுதான் சொன்னார். என்ன நடந்தது: நிறுத்திய குளிசைக்கு மணியடித்தது. என்ன நடந்திருக்க வேண்டும்: அடித்திருக்கக் கூடாது. பாவனையாளர் ஏன் குடித்தார் என்ற இடத்தில் பேனை மூடியைக் கழற்றித் திரும்ப மாட்டினார். பிறகு, "செயலியை நம்பினபடியால், எண்டு போடுங்க" என்றார். உட்கோட்டைத் திறக்க அனுமதித்தவர் என்ற இடத்தில் தன் முழுப் பெயரையும் எழுத்து எழுத்தாகச் சொன்னார், எனக்கு எழுதத் தெரியாது என்பது போல.

பிழையைக் கண்டுபிடித்தது யார் என்று ஒரு பெட்டி இருக்கும். என் விரல் நின்றுவிட்டது.

"வீட்டுச் சோதனை எண்டு போடுங்க" என்றார்.

நோயாளிகளுக்குப் போகும் முன்பே பிழை பிடிபட்டுவிட்டது, வெளியார் ஒருவருக்கும் பாதிப்பில்லை என்று ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த அந்த ஒரே அறிக்கையில் போட்டார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் எங்கள் சோதனை முறையைப் பாராட்டி நன்றி சொன்னார்கள். ரொஷான் மனம் நொந்துதான் போயிருந்தார், ஜுனைத் சாரை வேலையை விட்டுப் போக வேண்டாம் என்று கெஞ்சவும் செய்தார். அவர் கேட்கவில்லை. பிரதீபா நிரந்தரமானாள். அந்தக் கடிதம் கிடைத்த அன்று கழிவறையில் போய் அழுதுவிட்டு வந்தாள். லக்மால் கண்ணில் படும்போதெல்லாம் ஒதுங்கிப் போனான். பிறகு வேலையை விட்டுவிட்டான். அந்த வரியை மூடினோம். மூடுவதற்கும் ஒரு வரிதான்.

ரஸீனா அக்கா பிழைத்தார். இடது கை வழங்கவில்லை, அசையாமற் போனது. பேச்சு மெதுவாகிப்போனது.

இந்த ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனேன். மகள் வீட்டோடு அவர்கள் அங்கே வந்து கனகாலம். கோயிலடியில் பஸ்ஸால் இறங்கி, மாவிலைத் தோரணம் கட்டிய தெருவால் நடந்தேன். ஜுனைத் சார்தான் கதவைத் திறந்தார். தாடி முழுக்க நரைத்துவிட்டது. ரஸீனா அக்கா ஜன்னலடிக் கதிரையில், இடது கையை மடியில் வைத்தபடி.

"வெள்ளிக்கிழம இல்லயே இண்டைக்கு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பிரதீபா கேட்டதைச் சொன்னேன். ஜுனைத் சார் தலையை ஆட்டினார்.

"நான் வந்து என்னத்தச் செல்ல, மனோ மிஸ்? ஒங்களுக்குத் தெரிஞ்சத நீங்க செல்லுங்க."

"அவக்குத் தெரியாததும் ஒண்டு ஈக்கே" என்றார் ரஸீனா அக்கா. "செல்லுங்களேன் அத."

அக்காவே, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"அண்டைக்கு... மணி அடிச்சப்போ, இவர்ட்டத்தான் கேட்டன். டாக்டர் ஏதோ ஒண்ட நிப்பாட்டச் சொன்ன மாதிரி ஈக்கி. எதுண்டு வெளங்கல்ல. இதக் குடிக்கவாண்டு. 'போன் காட்டுதா'ண்டாரு. காட்டுதுண்டன். 'அப்ப குடிங்க. நாங்க செக் பண்ணினது'ண்டாரு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நான் இவர ஏசல்ல. இவர்தான் இன்னும் தன்ன ஏசிக்கொண்டு ஈக்கார்."

செயலியை நம்பினபடியால். அந்த வரியை என் கையால்தான் தட்டினேன். ரஸீனா அக்காவைப் பற்றித்தான் சொன்னார் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

மத்தியானக் குளிசைக்கு நேரமானது. மணி எதுவும் அடிக்கவில்லை, அந்த வீட்டில் அதற்கு மணி இல்லை. ஜுனைத் சார் அலுமாரிக்குப் பக்கத்திலிருந்து ஒரு முக்காலியை இழுத்துக்கொண்டு வந்து அக்காவின் பக்கத்தில் போட்டு இருந்தார். வெள்ளவத்தை ஒஃபிஸ் முக்காலி. லொறியில் ஏற்றும்போது ஒன்றை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். காலில் சாமான் இலக்கம் ஒட்டிய தாள் பாதி இன்னும் இருந்தது. உள்ளங்கையில் குளிசையை வைத்து, கிளினிக் அட்டையைப் பார்த்தார். பிறகு பேனை மூடியால் குளிசையைக் காட்டினார்.

"இது ஈக்கிதா, நிப்பாட்டினதா?"

அக்கா குனிந்து பார்த்தார். அவசரப்படவில்லை.

"ஈக்கிது."

அதற்குப் பிறகுதான் சார் தண்ணீரை எடுத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸுக்குள் இருந்தே பிரதீபாவுக்கு எடுத்தேன்.

"சார் வரமாட்டார். நான் வாறன். கதிரை, திரை ஒண்டும் வேண்டாம். ஒரு முக்காலி மட்டும் எடுத்து வை."

"முக்காலியா?" என்றாள். "இங்க அதெல்லாம் ஒண்ணும் இல்லையேக்கா."